சென்னை – லண்டன்: யாரும் பறக்காத 8,230 கிலோமீட்டர்

சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 8,230 கிலோமீட்டர் என்று விடை வரும். மைலில் சொன்னால் 5,100க்குக் கொஞ்சம் மேல். விமானிகள் கணக்கிடும் கடல் மைலில் 4,440 சொச்சம். எண்ணில் தவறில்லை. மீனம்பாக்கமும் ஹீத்ரோவும் பூமியில் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதை வைத்து யார் கணக்குப் போட்டாலும் இதுதான் கிடைக்கும். சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்த எண்ணை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், போய்விடலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். டிக்கெட்டைப் பார்த்தால் போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது வேறொரு நேரம். போன முறை போய்வந்தவர் சொன்ன நேரமும் இதனோடு ஒத்துவருவதில்லை.

மகனைப் பார்க்க, மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக இருக்க என்று அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகத் தனியே பறக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் நம்மிடையே ஏராளம். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, அங்கே யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று அவர்களுடைய ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு நேரத்தை நம்பித்தான் நடக்கின்றன. அதனால் இந்தத் தூரமும் நேரமும் எப்படித் தீர்மானமாகின்றன என்பது பொழுதுபோக்குக்குத் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை.

முதலில் அந்த 8,230 எதைக் குறிக்கிறது? உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தை. சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடலைத் தாண்டி, ஓமான், சவுதி அரேபியா, சிரியா, துருக்கி என்று போகும். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அப்படிப் போகாது, வடக்கே ஏறிவிடும். அதுதான் உண்மையான குறுக்குவழி.

அந்த நூல் எந்தெந்த ஊர்களின் மேல் போகிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து வடமேற்கே கிளம்பி, கர்னூல் பக்கம், மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) பக்கம், பிறகு கட்ச் உப்புவெளி. அதைத் தாண்டினால் பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான். ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு கிழக்கு ஈரானுக்குள் நுழைகிறது. பயணத்தின் நட்டநடுப் புள்ளி காஸ்பியன் கடலில், அசர்பைஜானின் தலைநகர் பாகுவுக்குச் சற்றுத் தெற்கே விழுகிறது. அப்புறம் காகசஸ் மலைகள், ரஷ்யாவின் தென்பகுதி, கிரிமியாவின் கெர்ச் பக்கம், உக்ரைனின் கெர்சோன், மால்டோவா எல்லை, தெற்கு போலந்து, செக் – ஜெர்மன் எல்லை, அதன்பின் லண்டன்.

இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படியுங்கள். கடந்த சில ஆண்டுகளில் செய்திகளில் அடிபட்ட போர்களும் எல்லை மோதல்களும் எத்தனையோ, அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரே நூலில் கோத்தது போல வரிசையாக நிற்கின்றன.

ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேல் உள்ள வான்வெளி முழுச் சொந்தம். 1944இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதியே இதுதான். திறந்துவிடுவதும் மூடுவதும் அந்தந்த நாட்டின் உரிமை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைன் தன் வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. அன்றே ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவனம் தன் நாட்டுக்கு வரக் கூடாது என்று பிரிட்டன் தடைவிதித்தது. மறுநாள் பிரிட்டிஷ் விமானங்கள் தன் மேல் பறக்கக் கூடாது என்று ரஷ்யா பதிலடி கொடுத்தது. 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது ஆப்கானிஸ்தானின் வான்வெளியைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போனது. பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரி 27 அன்று மூடிய பாகிஸ்தான் வான்வெளி ஜூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 24 முதல் இந்திய விமான நிறுவனங்களுக்கு அது மறுபடி மூடப்பட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தத் தடைகள் பல வேளைகளில் ஊரைப் பார்த்து வருவதில்லை, விமானம் எந்த நாட்டுடையது என்பதைப் பார்த்து வருகின்றன. ரஷ்யா மூடியது பிரிட்டிஷ் விமானங்களுக்கு, இந்திய விமானங்களுக்கு இல்லை. பாகிஸ்தான் 2025இல் மூடியது இந்திய விமானங்களுக்கு, பிரிட்டிஷ் விமானங்களுக்கு இல்லை. ஆக, இந்தியாவிலிருந்து ஒரே நாளில் லண்டனுக்குக் கிளம்பும் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் வேறு வேறு வழியில், வேறு வேறு நேரத்தில் போய்ச் சேருவது நடக்கக்கூடியதுதான். "அவர்கள் அரை மணி நேரம் முன்னாடியே போய்விடுகிறார்களே" என்று ஒரு நிறுவனத்தை மட்டும் குறைசொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

சுற்றிப் போவதால் எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் சுற்றிப் போகாததற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போய்க்கொண்டிருந்த மலேசியன் ஏர்லைன்ஸ் எம்.எச்.17 கிழக்கு உக்ரைனில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 பேரும் இறந்தார்கள். அங்கே தரையில் அப்போதே சண்டை நடந்துகொண்டிருந்தது. 32,000 அடிக்குக் கீழே மட்டும் வான்வெளியை மூடியிருந்தார்கள். அந்த விமானம் 33,000 அடியில் பறந்தது. குறுக்குவழி அது என்பதால் பல நிறுவனங்கள் தொடர்ந்து அந்த வழியையே பயன்படுத்தின. அந்த நேரத்தில் அதே வான்பகுதியில் டில்லியிலிருந்து பர்மிங்ஹாம் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் ஒன்றும் இருந்தது. 2020 ஜனவரி 8 அன்று டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் ஏவுகணைகளே வீழ்த்தி 176 பேர் இறந்தார்கள். இவற்றுக்குப் பிறகும் ஒரு நிறுவனம் பத்து நிமிடம் மிச்சம் பிடிக்கச் சண்டை நடக்கும் இடத்தின் மேல் பறந்தால்தான் நாம் கோபப்பட வேண்டும். விமானம் தெற்கே வளைந்து போவதைத் திரையில் பார்க்கும்போது எனக்கு நிம்மதிதான் வரும்.

சரி, சுற்றிப் போனால் உண்மையில் எவ்வளவு கூடுகிறது? சென்னையிலிருந்து அரபிக்கடலைக் கடந்து மஸ்கட், அங்கிருந்து பாக்தாத், இஸ்தான்புல், பிறகு லண்டன் என்று வைத்துக்கொள்வோம். வளைகுடா, ஈராக், துருக்கி வழியாகப் போகும் பாதை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் சுமார் 8,450 கிலோமீட்டர். குறுக்குவழியைவிட 220 கிலோமீட்டர்தான் அதிகம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்குக் கால் மணி நேரம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், ரஷ்யா, உக்ரைன் அத்தனையையும் தவிர்த்துவிட்டு வெறும் கால் மணி நேரம் என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். பூமியின் மேல் குறுக்குவழியிலிருந்து பக்கவாட்டில் நன்றாகவே விலகினாலும் மொத்த நீளம் மெதுவாகத்தான் கூடும் என்பது காரணம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட அந்தத் 'தவறான' கோட்டுக்குப் பக்கத்தில்தான் இந்தப் பாதையும் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஈராக்கும் மூடிவிட்டால் கதை மாறும். 2025 ஜூன் 13 அன்று ஈரான்மேல் இஸ்ரேல் தாக்குதல் தொடங்கியபோது ஈரான், ஈராக், ஜோர்டான், இஸ்ரேல் நான்கும் வான்வெளியை மூடின. பிறகு ஜூன் 23 அன்று கத்தாரும் கொஞ்ச நேரம் மூடியது. அப்படிப்பட்ட நாளில் மஸ்கட், ரியாத், கெய்ரோ, ஏதென்ஸ் என்று தெற்கே இறங்கிப் போக வேண்டும். அந்தக் கணக்கு சுமார் 8,920 கிலோமீட்டருக்கு வருகிறது. குறுக்குவழியைவிடக் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்கு மேல். போதாததற்கு, எல்லா நிறுவனங்களும் அந்த ஒரே இடுக்கில் நுழையும்போது நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

டில்லிக்காரர்களின் நிலைமை நம்மைவிட மோசம். டில்லியிலிருந்து மேற்கே திரும்பினாலே பாகிஸ்தான். அதன் மேல் பறக்க முடியாத இந்திய விமானம் முதலில் தெற்கே குஜராத் கடற்கரைவரை இறங்கி, அரபிக்கடலுக்குப் போய், அப்புறம்தான் மேற்கே போக முடியும். சென்னை விமானமோ ஏற்கனவே தெற்கில்தான் இருக்கிறது, நேரே கடலுக்குப் போய்விடலாம். 2025இல் டில்லியிலிருந்து வட அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னா போன்ற ஊர்களில் எரிபொருளுக்காக இறங்கிப் போக வேண்டியிருந்தது. நீண்ட தூரத்துக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் செலவாகும். விமானிகளுக்கான பணிநேர வரம்பு வேறு இருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் போனால் ஒன்று சரக்கைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் இறங்க வேண்டும்.

நாடுகளின் உறவைப் பொறுத்துப் பாதை வளைவது சென்னை – லண்டன் வான்வழிக்குப் புதிதும் இல்லை. பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் 1929இல் லண்டன் – கராச்சி சேவையைத் தொடங்கியபோது அந்தப் பயணம் ஏழு நாள் எடுத்தது. நடுவில் ஐரோப்பாவில் ஒரு பகுதியை ரயிலில் கடக்க வேண்டும். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டைகளோடு கிளம்பி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தார். லண்டனிலிருந்து வந்த தபால் இந்தியாவுக்குள் சென்னைவரை வானிலேயே வந்துசேர அன்று வழி பிறந்தது. அதே 1932இல்தான் பாரசீகத்தின் அனுமதி கிடைக்காமல் இம்பீரியல் ஏர்வேஸ் வளைகுடாவின் வடகரையை விட்டுத் தென்கரைக்கு, ஷார்ஜா வழிக்கு மாறியது. ஈரான் பக்கம் போக முடியாதபோது அரபுக் கரையோரம் போவது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் போகும்போதும் வரும்போதும் பொது. இரண்டு திசைக்கும் நேரம் வித்தியாசப்படக் காரணம் காற்று. பூமியின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வது இதைத்தான். குளிர்காலத்தில் வட இந்தியா, ஈரான், மேற்கு ஆசியா வழியாக ஓடும் பட்டை நன்றாக வலுப்பெற்று, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. பெருக்கெடுத்த காவிரியில் பரிசலை எதிர்த்துத் தள்ளுவதும் ஓட்டத்தோடு விடுவதும் ஒன்றாகுமா?

ஒரு கணக்குக்கு, பாதை முழுவதும் சராசரியாக மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்வோம். 8,450 கிலோமீட்டரை லண்டனிலிருந்து சென்னை வரும் விமானம் தன் 900உடன் காற்றின் 80உம் சேர்ந்து மணிக்கு 980 கிலோமீட்டர் தரைவேகத்தில் 8 மணி 37 நிமிடத்தில் கடக்கும். சென்னையிலிருந்து போகும் விமானம் 820 கிலோமீட்டர் வேகத்தில் 10 மணி 18 நிமிடம் எடுக்கும். வித்தியாசம் ஒரு மணி 41 நிமிடம். விமானமும் அதேதான், எஞ்சினும் அதேதான். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டுக்குப் பிறகு அந்தத் தடத்தில் அவ்வளவு விரைவாக எந்தப் பயணிகள் விமானமும் அதுவரை வந்ததில்லை.

அதனால்தான் விமானத்தின் பாதையைத் திட்டமிடுபவர்கள் தூரம் குறைந்த வழியைத் தேடுவதில்லை, நேரமும் எரிபொருளும் குறைந்த வழியைத் தேடுகிறார்கள். மேற்கே போகும்போது எதிர்காற்றின் மையத்திலிருந்து விலகி நூறு இருநூறு கிலோமீட்டர் சுற்றினால் லாபம். கிழக்கே வரும்போது அதே காற்றைத் தேடிப்போய் ஏறிக்கொண்டால் லாபம். நேற்றுப் போன பாதையில் இன்று விமானம் போகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் காற்றே காரணம், பயப்பட ஒன்றும் இல்லை.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் வாயிலை விட்டு விமானம் நகரும் நொடியிலிருந்து, ஹீத்ரோவில் வாயிலில் நிற்கும் நொடிவரை அது. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் வாயில் கிடைக்கக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள், இரண்டும் நிரம்பி வழிகின்றன. கொஞ்சம் நெரிசல் என்றால் லாம்போர்ன், பிகின், போவிங்டன், ஓகம் என்ற நான்கு இடங்களின் மேல் விமானங்களை அடுக்கடுக்காக வட்டமிட வைப்பார்கள். ஊர் கண்ணுக்குத் தெரியும், இறங்க மாட்டார்கள். இரவு 11.30 முதல் காலை 6 மணிவரை அங்கே விமானங்களின் எண்ணிக்கைக்கும் சத்தத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே பின்காற்று அடித்துச் சீக்கிரம் வந்தாலும் அந்த லாபம் முழுவதும் பயணிக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் எதிர்பார்த்து நிறுவனங்கள் முன்கூட்டியே கொஞ்சம் நேரம் கூட்டித்தான் அட்டவணை போடுகின்றன.

கடைசியாகக் கடிகாரம். இந்திய நேரம் லண்டனைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி முன்னால், கோடையில் நாலரை மணி முன்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஓர் உதாரணம்: ஜனவரியில் சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் காலை 10.30க்கு இறங்கும் டிக்கெட் என்றால் பார்வைக்கு ஐந்து மணி நேரம், உண்மையில் பத்தரை மணி நேரம். அதே 5.30, 10.30 ஜூலை டிக்கெட்டில் இருந்தால் ஒன்பதரை மணி நேரம்தான், அது இந்தத் திசையில் நடக்காது. எனவே கோடை அட்டவணையில் இரண்டில் ஒரு நேரம் நகர்ந்தே ஆக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், வேளைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டிக்கெட்டில் உள்ள மணியைக் கழித்துப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் வேளைக் கணக்கைக் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

நேரடி விமானத்தில் போவதா, துபாயில் மாறிப் போவதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். தூரத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. சென்னை – துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், துபாய் – லண்டன் சுமார் 5,500; கூட்டினால் 8,430. நேர்கோட்டைவிட 200 கிலோமீட்டர்தான் கூட. ஐரோப்பா போகும் வழியிலேயே ஊர் அமைந்துவிட்டது வளைகுடா நிறுவனங்களுக்குப் பெரிய பலம். நேரம் கூடுவது தரையில்தான்: இன்னொரு முறை இறங்கி, ஏறி, நடுவில் காத்திருந்து, எப்படியும் மூன்று நான்கு மணி நேரம் சேர்ந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடுவில் இறங்கி நடப்பது நல்லதாகக்கூட இருக்கலாம். மொழி தெரியாமல் தனியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பெரிய விமான நிலையத்தில் வாயிலைத் தேடி அலைவது கொடுமை. இரண்டாவது வகையினர் என்றால் காசு கொஞ்சம் அதிகமானாலும் நேரடி விமானமே எடுங்கள். முடியாவிட்டால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், அவர்களே வாயில்வரை கூட்டிப்போவார்கள்.

ஹீத்ரோவில் இறங்கி லெஸ்டருக்கோ பர்மிங்ஹாமுக்கோ போக வேண்டியவர்கள் கோச் (நெடுந்தூரப் பேருந்து) டிக்கெட்டை முன்பதிவு செய்வதாக இருந்தால், விமானம் வந்துசேர வேண்டிய நேரத்துக்கும் கோச் கிளம்பும் நேரத்துக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். குடிவரவு வரிசைக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மணி போனாலும், வளைகுடாப் பக்கம் ஏதாவது மூடி விமானம் எகிப்து வழியாகச் சுற்றி வந்தாலும் அந்தக் கோச் தவறாது.